இன்ஜினியர் வீட்டுப் புல்வெட்டும் மெஷின்

மகன் சூரியபிரகாஷ் அமெரிக்காவிலிருந்து நாளைக் காலை வந்து சேருவான். வீட்டு முன்னால் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் ராஜமணி, விடிந்ததும் புல்வெட்டும் மெஷினை வாசலுக்கு இழுத்துவந்தார்.

மகன் போன வாரமே போனில் சொல்லிவிட்டான். "அம்மா இல்லாம அந்த வீட்ட உங்களால பாத்துக்க முடியாதுப்பா. கோயம்புத்தூர்ப் பக்கம் வயசானவங்க தங்குறதுக்கு நல்ல எடம் ஒண்ணு இருக்கு. நான் நேர்ல வந்து வீட்டப் பாத்துட்டு முடிவு பண்றேன்." முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் கட்டிய பாலத்தை நேரில் பார்த்து முடிவு சொன்னவர் ராஜமணி. இப்போது அவரையே ஒருவன் ஆய்வு செய்ய வருகிறான்.

சின்னமனூரில் மற்றவர்கள் வீட்டு முன்னால் கொஞ்சம் இடம் கிடந்தால் தென்னை வைப்பார்கள், முருங்கை வைப்பார்கள், ஒன்றுமில்லையென்றால் நெல்லையாவது காயப்போடுவார்கள். ராஜமணி புல் வைத்தார். அதை 'லான்' என்றார். வாய் தவறிப் புல்லு என்று சொன்னவர்களைத் திருத்தினார். அதை வெட்டுவதற்காக மூன்று வருஷத்துக்கு முன் மகன் கப்பலில் போட்டு அனுப்பியது இந்த ஆரஞ்சு நிற மெஷின். ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். விருந்தாளி யாராவது வந்தால் ராஜமணி அதைப் பத்தடி தள்ளிக் காட்டி, "லானை நானே மெயின்டெய்ன் பண்றேன்" என்பார். பதினோராவது அடியிலிருந்து மிச்சத்தையெல்லாம், அவர் மத்தியானம் தூங்கும்போது, மனைவி கருத்தம்மாள் வெட்டிவிடுவாள். அந்தப் பெயர் நாகரிகமாக இல்லை என்று அழைப்பிதழ்களில் அவளைத் 'திருமதி ராஜமணி' என்றே போட்டுவந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. இது தை மாதம்.

காலையிலிருந்து ராஜமணி மெஷினின் கைப்பிடியை அழுத்தினார், இழுத்தார், ஆட்டினார், இங்கிலீஷில் இரண்டு வார்த்தை திட்டியும் பார்த்தார். அது முனகக்கூட இல்லை. கடைசியில், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒச்சாண்டிக்குப் போன் போட்டார்.

ஒச்சாண்டி வந்து முதலில் பார்த்தது புல்லைத்தான்.

"சார், ரெண்டு வெள்ளாட்ட அவுத்துவிட்டா சாயந்தரத்துக்குள்ள மழுங்க மேஞ்சிரும். கரண்டு வேணாம், காயிலு வேணாம்."

"லான்ல ஆடா? நீ மெஷினப் பாருய்யா."

"அது என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. மோட்டார் ஷார்ட் ஆகியிருக்கணும். இல்லாட்டி சர்க்யூட்ல பிராப்ளம். எனக்கே தெரியும், நேரமில்லாமத்தான் உன்னக் கூப்பிட்டேன்."

ஒச்சாண்டி மேல்மூடியைத் தூக்கினான். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மீசையைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டான்.

"சார், இதுல பேட்டரியே இல்லியே."

பேட்டரி உட்காரவேண்டிய பள்ளம் காலியாகக் கிடந்தது.

"சார்ஜு போட எடுத்திருப்பாக. அம்மா எங்கன வச்சுப் போடுவாக?"

ராஜமணிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. அதனால் தொண்டையைச் செருமினார். ஒச்சாண்டி கேட்டுக்கொண்டு நிற்காமல் சமையலறைக்குள் போனான். அரிசி டின்னுக்குப் பின்னால், தரையில், பேட்டரி சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது கொசு மெஷின் இல்லையா?" என்றார் ராஜமணி.

மூன்று மாதமாகத் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறார். மின்வெட்டில் அணையும், கரண்டு வந்தால் எரியும்.

சார்ஜருக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியை ஒச்சாண்டி தொட்டுப் பார்த்தான். "இந்தப் பொட்டி நாந்தேன் சுத்திக் குடுத்தேன் சார். அந்த ஊரு சார்ஜரு நம்ம கரண்டத் தாங்காது, பாதியாக் குறைக்கணும். அம்மா இதுக்காகக் கடைக்கு நடந்தே வந்தாக. 'சாருகிட்டச் சொல்லிராதப்பா, அவுக இன்ஜினியரு, மனசு சங்கடப்படுவாக'ன்னாக."

ராஜமணி பேட்டரியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மாட்டி, கைப்பிடியை அழுத்தினார்கள். அப்போதும் ஓடவில்லை. ஒச்சாண்டி மீட்டரை வைத்துப் பார்த்தான். பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தான்.

"அட ஆத்தா! இங்கன பாருங்க சார்."

பேட்டரி வந்து தொடவேண்டிய இரண்டு செப்புத் தகட்டிலும் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். காய்ந்து ஓடாகியிருந்தது.

"ஆயுத பூசைக்கு வச்சிருக்காக. எல்லாரும் மேலதேன் வைப்பாக. அம்மாவுக்கு இதுக்கு உசுரு எங்கன இருக்குன்னு தெரிஞ்சிருக்கு, மூடியத் தூக்கி உள்ள வச்சுட்டாக. காஞ்ச சந்தனம் கரண்ட விடாது சார். பூசைக்கு மறுநாளு எனக்கு இதே வேலதேன். ஊர்ல பாதி ஸ்டார்ட்டரு பக்தியில நின்னுபோகும்."

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"இரு" என்றார் ராஜமணி.

வேட்டியை மடித்துக்கொண்டு லானில் மண்டியிட்டார். டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தார். இடது பக்கத் தகட்டில் மோதிர விரல் அழுந்திய ரேகை அப்படியே இருந்தது. அவ்வளவு சின்ன விரல். நாற்பத்தோரு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறார். அது அவ்வளவு சின்ன விரல் என்று அவருக்குத் தெரியாது.

"எடுக்காம ஓடாதா?"

"ஓடாது சார்."

"ஒரு பக்கம் மட்டும் எடுத்தா?"

ஒச்சாண்டி அவர் முகத்தைப் பார்த்தான். இன்ஜினியருக்குத் தெரியாத விஷயமா அது? இருந்தாலும் கிண்டல் செய்யவில்லை. "ரெண்டு பக்கமும் தொட்டாத்தேன் சார் ஓடும்" என்று மெதுவாகச் சொன்னான்.

ராஜமணி புல்லைப் பார்த்தார். பிறகு கோயம்புத்தூரை நினைத்தார். ஸ்க்ரூடிரைவருக்காகக் கையை நீட்டினார்.

முதலில் வலது பக்கம். பிறகு இடது. சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை ஒச்சாண்டி மேகமலைப் பக்கம் திரும்பி, மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மழை வருவதற்கு ஒரு மேகமும் இல்லை.

உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, பேட்டரியை மாட்டியதும் மெஷின் ஓடியது.

"நான் வெட்டித் தாரேன் சார்."

"வேண்டாம்."

சாயந்தரம் வரை அவரே வெட்டினார். பதினோராவது அடிக்கு மேல் அது எவ்வளவு கனம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கோடு கோணலாகப் போனது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தது.

மறுநாள் காரிலிருந்து இறங்கிய சூரியபிரகாஷ் கேட்டிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா! இவ்வளவையும் நீங்களா வெட்டுனீங்க?"

"வேற யாரு? எப்பவும் நான்தானே."

பழக்க தோஷம், வார்த்தை தானாக வந்து விழுந்தது. இல்லைப்பா, உங்கம்மாதான், என்று அடுத்த வார்த்தை வருமா என்று ராஜமணியே காத்திருந்தார். அதற்குள் மகன் செல்போனைத் தூக்கிப் புல்லைப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தான்.

"நான்தான்ப்பா தேவையில்லாமப் பயந்துட்டேன். அம்மா இல்லாட்டியும் நீங்க சமாளிச்சுக்குவீங்க."

அதையே அமெரிக்காவிலிருக்கும் தன் மனைவிக்கும் போன் செய்து சொன்னான். அப்பா நல்லா இருக்காரு, வீடு முன்ன மாதிரியே இருக்கு, ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் இருப்பதாக வந்தவன், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறதென்று டிக்கெட்டை இந்த வியாழக்கிழமைக்கே மாற்றிக்கொண்டான்.

கோயம்புத்தூர் பேச்சையே அவன் எடுக்கவில்லை. வர முடியாது என்று சொல்வதற்கு ராஜமணி மூன்று நாளாக மனசுக்குள் ஒரு பதிலை எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்தார். அது அப்படியே இருந்தது. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் மகன் வற்புறுத்தினால் என்ன சொல்வது என்றுகூட அதில் இருந்தது.

"வேலைய விட முடியுமா? போயிட்டு வா" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மகன் தூங்கப் போனான். ராஜமணி வாசலுக்கு வந்து நின்றார். புல்லெல்லாம் ஒட்ட வெட்டிக் கிடந்தது. அது மறுபடி வளர எப்படியும் பத்து நாள் ஆகும். அதுவரை அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.