பறவை இறங்கிய தண்ணீர்

ஐப்பசி மழையில் கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்தால் அந்த ஊரில் யாரும் உடனே மாட்டை இறக்கமாட்டார்கள். முதலில் பறவை இறங்க வேண்டும். ஒரு கூட்டம் வந்து, இரை தேடி, மறுநாளும் அங்கேயே நின்றால் அது நல்ல தண்ணீர். அதன்பிறகுதான் மாட்டுக்கு அனுமதி. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். ஆனாலும் கம்பெனி வேலைக்குப் போகிற வீடுகளில்கூட ஒரு மாடாவது நின்றது.

இந்த வருஷம் பறவைகள் கொள்ளையாக வந்தன, மறுநாளும் நின்றன. குச்சி போல் நெட்டைச் சிவப்புக் கால், கறுப்பு இறக்கை, ஊசி மூக்கு. கரையில் நின்று கண் நிறையப் பார்த்துவிட்டு, கம்பெனியில் சரம் பின்னும் வேல்விழி ஊருக்கு முதல் ஆளாகத் தன் பசுவை இறக்கினாள். அது வயிறு புடைக்கக் குடித்தது.

பொழுது சாய்வதற்குள் பசுவின் கால்கள் மடங்கின. நாக்கு நீலம் பாய்ந்தது. மாட்டு டாக்டர் நல்லசிவம் பைக்கில் வந்து ஊசி போட்டார். அதற்குள் நேரம் கடந்திருந்தது. அவர் எடுத்த ரத்தம் பஞ்சில் காபி டிக்காஷன் மாதிரி ஊறியது.

"என்ன சார், ரத்தம் இப்பிடி இருக்கு?"

"வெடியுப்பும்மா. நீங்க கம்பெனியில பாக்குற அதே உப்பு. எவனோ கழுவி ஓடையில விட்டிருக்கான். மாட்டு வயித்துல அது வேற விஷமா மாறிரும். அப்புறம் ரத்தத்தால காத்தைச் சுமக்க முடியாது. மூச்சு விட்டுக்கிட்டே மூச்சு முட்டிச் சாகும்."

"அம்புட்டுப் பறவை நிக்கிதே சார்! அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அதுக்கு மாட்டு வயிறு கெடையாதுல்லா. அது போக, என்ன பறவை நிக்கிதுன்னு பாத்தீகளா?"

பசுவைப் புதைத்த மறுநாள் காலையில் வேல்விழி போய்ப் பார்த்தாள். முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் ஒன்றுகூட இல்லை. இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் இல்லை. இரண்டும் மீன் தின்பவை. மீனுக்குத் தண்ணீருக்குள் காற்று வேண்டும்; கழிவு கலந்த இந்தத் தண்ணீரில் அது இல்லை. நின்றதெல்லாம் நெடுங்கால் உள்ளான். அது சேற்றைக் குத்தித் தின்பது சிவப்புப் புழுவை. காற்றே இல்லாத நாறிய சேற்றிலும் அந்தப் புழு பிழைத்துக்கொள்ளும். அதைத் தின்ன மீன் இல்லாவிட்டால் கொழிக்கும். புழு கொழித்தால் உள்ளான் குவியும். எந்தக் கூட்டத்தைப் பார்த்து அவள் பூரித்தாளோ, அந்தக் கூட்டமே கண்மாய் செத்துப்போனதற்கு அடையாளம். ஊர் பறவையைப் பார்த்தது. எந்தப் பறவை என்று பார்க்கவில்லை.

டாக்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போயிருந்தார். பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றிருந்தார்.

திரும்பும் வழியில், புருஷனின் தங்கை சுப்புத்தாய் தன் சினைப்பசுவுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுப்பு, கண்மாய்க்கு மாட்டைப் பத்தாத தாயி. தண்ணியில வெடியுப்பு கெடக்கு."

"வெடியுப்பு கண்மாய்லயா கெடக்கு? ஒங்க கையில கெடக்கு மதினி. கம்பெனி விட்டு வந்து கையக் கழுவிட்டா தீவனம் வச்சீக?"

"டாக்டரு சொன்னாருடி. பைப்புத் தண்ணி காட்டு."

"பைப்புல வார தண்ணி மனுசருக்கே காணாது. அம்புட்டுப் பறவையும் கண்ணு தெரியாமயா நிக்கி? இருக்கன்குடி ஆத்தாளுக்குச் சீம்பால் நேந்திருக்கேன். அவ பாத்துக்கிடுவா. கஞ்சியக் குடிச்சிட்டுப் பத்தத்தான் போறேன்."

எதிர் வீட்டுப் பெரியவர் ஊர்க்காவலன் சிரித்தார். "அவ மாடு செத்தா ஊரு மாடெல்லாம் தாகத்துல சாகணுமாக்கும்! ஏ சுப்பு, நானும் வாரேன்."

வேல்விழி வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த பெட்டியை இறக்கினாள். தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பட்டாசு. வருஷம் முழுக்க வெடி செய்கிற ஊர்தான். ஆனால் கண்மாய்க் கரையில் ஒரு ஓலைவெடிகூட இதுவரை வெடித்ததில்லை. பறவை எழுந்துவிடும் என்று, தீபாவளியன்றும் பிள்ளைகளைத் தார்ரோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரவெடி பின்னியே காய்த்த அவள் விரல்கள் இப்போது சரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தன.

கண்மாய்க்கு ஓட்டி வந்த மாடுகள் கரை மேட்டில் ஏறும்போது, அங்கே முந்தி நின்று முதல் துண்டைக் கொளுத்தி எறிந்தாள்.

கண்மாய் முழுதும் ஒரே அலறலாக எழுந்தது. மாடுகள் மிரண்டு திரும்பின. சுப்புத்தாய் கயிற்றோடு இழுபட்டு விழுந்தாள்.

"சண்டாளி! சினை மாடுடி! ஒம்மாடு போச்சுன்னு எம்மாட்டையும் கொல்லப் பாக்கியே!"

மதினி என்ற சொல் போயிருந்தது. ஊர்க்காவலன் கல்லை எடுத்தார், எறியவில்லை. தண்ணீரைப் பார்த்தார். பறவை இல்லாத தண்ணீர். வழக்கத்தை மீறி அதில் இறக்க அவருக்கும் துணிச்சல் இல்லை. "அபசகுனம்" என்று காறித் துப்பிவிட்டு மாட்டைத் திருப்பினார். சுப்புத்தாய் முழங்கையில் ரத்தம் வழிய, திரும்பிப் பார்க்காமல் பசுவைக் கூட்டிக்கொண்டு போனாள். பசு நன்றாகத்தான் நடந்தது.

வேல்விழி கரையில் உட்கார்ந்தாள். உள்ளான்கள் வானத்தில் ஒரு வட்டம் அடித்தன. கீழே புழு இருக்கிறது. அதை விட்டு அவை எங்கே போகும்? எதிர்க்கரையில் ஒன்று கால் நீட்டி இறங்கியது. பின்னால் இன்னொன்று. அவள் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.