ஞாயிற்றுக்கிழமை ஜெல்லி

பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் செர்பியா வந்த முதல் ஞாயிறே, நான் தங்கியிருந்த வீட்டு ஸ்லாவிட்சா ஆன்ட்டி பன்றியின் காலையும் காதையும் வேகவைத்து உறையவிட்ட ஜெல்லியைப் பரிமாறினார். என் துண்டுக்குள் ஒரு முடி நின்றது. தட்டில் மிச்சம் வைக்காதே என்று லிஸ்பனில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். தட்டு காலியானதும் இன்னொரு துண்டு வந்து விழுந்தது. ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் அதே வழுவழுப்பு, அதே பூண்டு நாற்றம்.

நேற்று தட்டைப் பார்த்ததுமே குமட்டியது. "ஆன்ட்டி, எனக்கு இது பிடிக்காது," என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி, முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? விருந்தாளி ஆசையா திங்குதேன்னு, எங்க வீட்ல யாருக்குமே பிடிக்காத இந்தக் கண்றாவிய வாராவாரம் நாங்களும் தின்னுக்கிட்டிருக்கோம்."