டெஸ்டர் எரியவில்லை

வகுப்பில் என் பட்டப்பெயர் ‘இன்னொரு தடவை’. எலெக்ட்ரீஷியன் பயிற்சியில் எந்த வேலை கொடுத்தாலும் “இன்னொரு தடவை பாத்துக்கறேன் சார்” என்று சொல்லிச் சொல்லியே வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர். வீட்டில் அக்கா அதற்கும் ஒரு படி மேலே. “நீ பரீட்சை எழுதி முடிக்கறதுக்குள்ள திருத்தறவர் ரிடையர் ஆயிடுவார்டி” என்பாள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் என் கண்மேல், கைமேல், மண்டைக்குள் இருப்பதன்மேல் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் வாத்தியார் எல்லார் முன்னாலும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “கரண்ட் வேலைக்கு வந்துட்டு இப்படிப் பயந்தா எப்படிம்மா? நாளைக்கு ‘இன்னொரு தடவை’னு வாயத் தொறந்த, அங்கயே ஃபெயில்.” மனுஷர் சொன்னால் செய்வார். ஃபெயில் என்றால் இன்னொரு வருடம் இதே பட்டறை, இதே சிரிப்பு.

தேர்வில் எனக்கு ஜோடி ‘ராக்கெட்’. வகுப்பிலேயே வேகமான பையன். சுவரில் இருக்கும் போர்டின் மெயின் சுவிட்சை அணைத்து, பழைய வயரைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்துச் சொல்வது என் வேலை. கையை வைப்பது அவன் வேலை.

இதற்கு ஒரு முறை உண்டு. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் போர்டில் வைக்க வேண்டும். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் எங்கே வைத்தாலும் எரியாதே! ஒருநாளும் நான் இதைத் தவறவிட்டதில்லை. அன்று ராக்கெட் மெயின் சுவிட்சை அணைத்ததும், வாத்தியார் கண்ணெதிரே நின்றதில், வீம்புக்கு நேராகப் போர்டில் வைத்தேன். எரியவில்லை.

“கரண்ட் இல்ல” என்றேன், எனக்கே புதிதாக இருந்த கெத்தோடு.

“அட, பரவால்லயே!” என்று ராக்கெட் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இடது கை போர்டை நோக்கிப் போனது.

டெஸ்டர் வேலை செய்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. சொன்னால் ஃபெயில். சொல்லாமல் விட்டு, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

“கைய எடுடா!” என்று கத்தியேவிட்டேன். “இன்னொரு தடவை பாக்கணும்.”

பட்டறையே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. “பாரு. ஆனா நீ முதல்ல சொன்னதே சரியா இருந்துச்சுன்னா நீ வெளிய போயிடணும்.”

அவர் மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. டெஸ்டரின் பின்முனையில் கட்டைவிரல் பட்டால்தான் எரியும்; சரியாகப் படவில்லையோ? விரலை அழுத்தினேன். துளையை மாற்றினேன். ம்ஹூம்.

“அவளுக்குப் பிடிக்கவே தெரியல சார்” என்றது ஒரு குரல்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ‘ஆமா சார், தப்பாப் பிடிச்சுட்டேன்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை தடவை சொல்லிப் பழகிய வாக்கியம்! அதைச் சொல்லிவிட்டால் ராக்கெட் திரும்பவும் கையை வைப்பான்.

“நான் சரியாத்தான் சார் பிடிச்சிருக்கேன். டெஸ்டர்தான் கெட்டுப்போச்சு.”

வாத்தியார் தன் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் போர்டில் வைத்தார். அது சிவப்பாக எரிந்தது. மெயின் சுவிட்சின் கைப்பிடி அணைத்தபடி கீழேதான் இருந்தது. உள்ளே தகடு ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்திருக்கிறது.

ராக்கெட் தன் இடது கையைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வாத்தியார் வெளியே போய், அந்தப் போர்டுக்கு வரும் லைனையே துண்டித்துவிட்டு வந்தார். தன் டெஸ்டரை என்னிடம் நீட்டினார். “இவனால இனிமே முடியாது. நீயே பாரு, நீயே கழட்டு.”

விசிறி பிளக் இருந்த துளையில் வைத்தேன், எரிந்தது. போர்டில் எரியவில்லை. மறுபடி துளையில் வைத்தேன், எரிந்தது.

“பயமா இருக்காம்மா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“ரொம்ப இருக்கு சார். ஆனா இதுல கரண்ட் இல்ல. எனக்குத் தெரியும்.”

வெறும் விரலால் கம்பியைப் பிடித்தேன்.