சூடானால் கிளம்பாத வண்டி

விச்சுவின் மோட்டார் சைக்கிள் சூடானால் சண்டித்தனம் பண்ணும். பாணேரில் வீட்டு வாசலில் ஒரே உதையில் கிளம்பும். பாதி வழியில் விக்கி விக்கி நின்றுவிடும். அப்புறம் காலே கழன்று விழுகிற மாதிரி உதைத்தாலும் அசையாது. அரை மணி நேரம் ஓரங்கட்டி ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல உறுமும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், கடைசியில் கையை விரித்தார். விச்சுவோ சாகணில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் சம்பளம் வாங்குகிறவன். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது, பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். துறைக்காரன் சொன்னால் வீட்டில் யார் மறுத்துப் பேசுவது?

ஆனால் அவன் மனைவி நீலாவுக்கு அந்த வண்டி ஓடியாக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வங்கிக் கிளையில் வேலை பார்த்தவளுக்கு ஹடப்சர் கிளையில் மேனேஜர் பதவி தேடி வந்திருந்தது. ஊரின் அந்தக் கோடி. போனால் திரும்ப இருட்டிவிடும். குழந்தை அம்முவைப் பார்த்துக்கொள்ளும் க்ரெச்சை ஏழு மணிக்கு மூடுவார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்தால் விச்சுவுக்கு அதற்குமேல் ஆகும். வண்டியில் வந்தால் தாராளமாக வரலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"வண்டி மட்டும் ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு நீலா குறுக்க நிக்கப்போறேன்?" என்றான் விச்சு. அவன் முகத்தில் அப்படி ஒரு வருத்தம். நீலா அதை நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்முவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் பிறந்தநாள் விழாவுக்குப் போனான். நீலா சாவியை எடுத்தாள். மாயவரத்தில் அண்ணன் வண்டியில் பழகியவள், பயமில்லை. மொட்டை வெயிலில் பாலேவாடி தாண்டியதும் வண்டி நின்றது. பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தாள். டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு உதைத்தாள். கிளம்பிவிட்டது! எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிஷம்கூட ஆறவில்லை.

அப்போதுதான் மூடியை உற்றுப் பார்த்தாள். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை. அதில் சந்தனம் அடைத்துக்கொண்டு சிமெண்டாய் இறுகியிருந்தது. யார் வைத்த சந்தனம்? சாட்சாத் நீலா வைத்ததுதான். தசராவுக்கு அக்கம்பக்கத்து மராத்திக்காரர்கள் வண்டிக்கு ஒரு சரம் செண்டுப்பூ கட்டி முடித்துக்கொண்டபோது, இவள் ஆயுத பூஜை என்று சந்தனத்தைக் குழைத்து டேங்க் உச்சியில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். காற்றுப் போக வழியில்லாமல் டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. ஆறவிட்ட நேரத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து புகுந்திருக்கிறது. பழி சூட்டின் மேல்.

வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குடைந்தாள். பிறகு ஹிஞ்சேவாடி வரை போய்வந்தாள். வழியில் நிறுத்தி நிறுத்தி உதைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சமர்த்தாகக் கிளம்பியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விச்சுவிடம் மூச்சுவிடவில்லை. சந்தனக் கதையைச் சொன்னால் ஆயுசு முழுக்கக் கேலி பண்ணுவான். தவிர, எஞ்சின்காரனால் முடியாததை ஊக்கால் குத்திச் சரிசெய்தேன் என்று எப்படிச் சொல்வது? திங்கள் மாலை வண்டியில் நேரத்தோடு வரட்டும், வண்டி சரியாயிடுத்து, நீ போ என்று அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று இருந்தாள். மேலதிகாரிக்குச் சொல்லவேண்டிய பதிலையும் அதற்காகவே மாலை வரை தள்ளிப்போட்டாள்.

மாலையில் அம்முவை க்ரெச்சிலிருந்து அழைத்து வரும்போது போன் வந்தது.

"மோஷி கிட்ட நின்னுடுத்து நீலா. ஆறினாத்தான் கிளம்பும். இத நம்பிண்டு ஹடப்சருக்கு எப்படி சரின்னு சொல்லுவே?"

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். அதெல்லாம் ஆச்சு, சூடுதான், வேறொன்றுமில்லை என்றான். மோஷி நெடுஞ்சாலையில் ஓயாமல் அலறும் லாரி ஒன்றுகூட அவளுக்குக் கேட்கவில்லை. டக் டக் என்று டேபிள் டென்னிஸ் பந்து மேஜையில் விழுந்து எழும் சத்தம் கேட்டது. யாரோ மராத்தியில் பாயிண்ட் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஆறட்டும் என்று வைத்துவிட்டாள். அம்மு கையைப் பிடித்து இழுத்தது. அங்கேயே நின்று மேலதிகாரியைக் கூப்பிட்டு, ஹடப்சருக்கு வருகிறேன் என்று இந்தியில் சொன்னாள்.

விச்சு எட்டு மணிக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியபடி, ரோட்டோரம் நின்று கால் கடுத்த கதையை ஆரம்பித்தான். நீலா அவனுக்குத் தட்டு வைத்தாள்.

"நேத்திக்கே வண்டிய நான் சரி பண்ணிட்டேன்," என்றாள். "கொதிக்கக் கொதிக்க ஓட்டியும் பாத்துட்டேன். ஹடப்சருக்கும் சரின்னு சொல்லியாச்சு. ஒண்ணாம் தேதிலேர்ந்து அம்முவ நீங்கதான் அழச்சிண்டு வரணும்."

விச்சு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தான். கடைசிவரை, வண்டியில் என்ன கோளாறு என்று அந்த எஞ்சின்காரன் கேட்கவே இல்லை.