பீப்பாயின் முன்னால் நின்றவர்

அண்ணன் சுத்தியலை எடுத்தால் எதை அடிக்கிறார் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பீப்பாயின் இரும்பு வளையம் என்றால் கணீரென்று கேட்கும். சுவர் என்றால் மொத்தென்று கேட்கும். ஆளை அடித்தால் சத்தம் பெரிதாக வராது. கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள்தான் கத்துவார்கள்.

அவர் ஒரு மது ஆலையில் பீர் காய்ச்சுபவர். நான் அதே இடத்தில் பீப்பாய் கழுவுகிறவன். வெந்நீரும் சங்கிலியும் போட்டுப் பீப்பாயை உருட்டி உருட்டி என் முதுகு வளைந்துவிட்டது. அவருக்கு முதுகு நேராகத்தான் இருக்கிறது, கைதான் நிற்காது. அவர் கையால் ஒரு லாரிக்காரனின் தாடை கழன்றது. மூட்டை இறக்குபவன் ஒருவனுக்கு இன்றைக்கும் ஒரு காது மந்தம். இதையெல்லாம் அண்ணி பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், சோற்றில் உப்பு கூடிப்போனதா குறைந்துபோனதா என்ற பேச்சில், அண்ணன் முக்காலியைத் தூக்கி என் மேல் வீசினார். நான் குனிந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அவர் மகளின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது அது.

தையல் போட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்த அண்ணி அழவில்லை, சத்தமும் போடவில்லை. அடுப்பை அணைத்தார். இனிமேல் யார் மேலாவது கை ஓங்கினதாகத் தெரிந்தால் பிள்ளையோடு போய்விடுவேன், பிறகு தேடி வரவேண்டாம் என்றார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீதான் நாள் முழுக்க அவர்கூட இருக்க. நடந்தது நடந்தபடி எங்கிட்ட வந்து சொல்லணும். அண்ணன்னு மறைக்கக் கூடாது."

சரி என்றேன்.

அன்றிலிருந்து அண்ணனுக்குக் கோபம் வந்தால் பீப்பாய் அறைக்குப் போய்விடுவார். பாவம், அந்த வளையங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டன. பிள்ளை தூங்கும்போது அதன் புருவத் தழும்பை அவர் விரலால் தடவிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அவர் மாறவே நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் கெடுத்தவர் மூக்குக்காரர். பத்திரிகையில் பீரை ருசித்து எழுதுகிற ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. குடிப்பதற்கு முன் மூக்கை முழுசாகக் கண்ணாடிக் குவளைக்குள் விட்டு மோந்து பார்ப்பார். நிமிரும்போது மூக்கு நுனியில் நுரை ஒட்டியிருக்கும். எங்கள் இடத்தின் பேர்போன சரக்கு பெல்ஜியம் பாணியில் காய்ச்சியது. தலைக்கு ஏறுகிற கனத்த பீர். அதை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்து, மேலே வாசனைக்காக ஹாப்ஸ் பூவையும் கொட்டுவோம். போன வருடம் அதைக் குடித்துவிட்டு அவர் எழுதினார்: மரம் பேசுகிறது, போதை பேசுகிறது, ஹாப்ஸ் மட்டும் பேசவில்லை, வாடின மாலையை ஊறப்போட்ட தண்ணீர் போல இருக்கிறது. அவ்வளவுதான். மதுக்கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சரக்கு இறக்கப் போனால், மாலைத் தண்ணி வந்தாச்சா என்று கேட்டார்கள். அண்ணன் தெருவில் போனால் மாலை போகிறது பார் என்றார்கள். அவர் திரும்பி வந்து வளையத்தை அடித்தார்.

இந்த வருடம் ஒரு பீப்பாயைத் தனியாக எடுத்து வைத்தார். மேல் துளை வழியாக விரல் நுழையாதபடி ஹாப்ஸைத் திணித்தார். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஹாப்ஸ் போட்ட பீப்பாயின் தக்கையை இறுக்கக் கூடாது. ஹாப்ஸ் விழுந்தால், பீரில் உள்ள சர்க்கரையைத் தின்று முடித்துத் தூங்கிக் கிடக்கும் ஈஸ்ட் எழுந்து மறுபடியும் தின்ன ஆரம்பிக்கும். தின்றால் காற்று வரும், அது போக வழி வேண்டும். அதனால் தக்கையைச் சும்மா மேலே வைத்து மூச்சு விட விடுவோம். இங்கே தரை கூட்டுகிறவருக்கும் தெரிந்த விஷயம் இது. அண்ணனுக்குத் தெரியாதா? ஆனால் அந்த வழியாகத்தானே வாசனையும் போகிறது. ஒரு மூச்சுகூட வெளியே போகக் கூடாது என்று சொல்லித் தக்கையை அடித்து இறக்கிவிட்டார்.

மூக்குக்காரர் வரப்போகிற நாள் காலையில் அந்தப் பீப்பாயைத் துடைக்கப் போனேன். அதன் தட்டையான முகம் உண்ட வயிறு போல வெளியே உப்பியிருந்தது. பலகைகளின் இடுக்கில் பீர் வியர்வை மாதிரி முத்து முத்தாகக் கசிந்து நின்றது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகப்பலகையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்தார்.

"இத யாரும் தொட வேணாம். சாயங்காலமா தக்கையப் பாத்துக்கலாம்."

முன்பக்கத்து அறையில் ருசி பார்க்க மேசை போட்டிருந்தது. வயிறு பருத்த குவளைகள், தண்ணீர், வாய் கழுவ உப்பில்லாத ரொட்டி. காய்ச்சியவர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம். ருசிப்பவர் காய்ச்சியவரின் முகத்துக்காக நல்லதாகப் பேச வேண்டிவரும் என்று அப்படி வைத்திருந்தார். எனவே அண்ணன் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பீப்பாய் அறையில் இருந்தார். வளையம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு.

முதல் பீர் பொன்னிறத்தது, மரம் படாதது. மூக்குக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தார், வாயில் உருட்டி விழுங்கினார். ஆரஞ்சுத் தோல் வருகிறது, மிளகு வருகிறது, பின்னாலேயே கிராம்பு வருகிறது, நெஞ்சுக்குள் சூடாக இறங்குகிறது, நன்றாக இருக்கிறது என்றார். தடுப்புக்கு அப்பால் சுத்தியல் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது பீப்பாயில் ஊறியது, தனியாக வைத்ததிலிருந்து அல்ல, வேறொன்றிலிருந்து இறக்கியது. அவர் நீண்ட நேரம் மோந்தார். மரம் இனிப்பாக வருகிறது, கரி பிடித்த ஓரமும் வருகிறது என்றார். ஒரு வாய் குடித்தார்.

"கசப்பு இருக்கு. வாசனை எங்கம்மா?" என்று முதலாளியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மறுபடியும் மாலைத் தண்ணிதான்."

முதலாளியம்மாவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

தடுப்புக் கதவு சுவரில் மோதித் திறந்தது. அண்ணன் சுத்தியலோடு வந்தார். நாற்காலி ஒன்று குறுக்கே கிடந்தது; அதை அவர் சுற்றிப் போகவில்லை, அதன் கால் முறிய உதைத்துவிட்டு வந்தார். நான் ஜாடியைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தேன். சுத்தியலின் தலை என் நெஞ்செலும்பில் வந்து நின்றது. மூச்சு அடைத்தது. அவர் கண் என்னைத் தாண்டி அந்த ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றேன். "அண்ணி."

அந்த ஒரு சொல்தான் சொன்னேன். அவர் சுத்தியலை மெதுவாக மேசையில் குவளைகளுக்கு நடுவே வைத்தார். ஒரு குவளை சாய்ந்து விழுந்து உடைந்தது.

வெளுத்துப்போயிருந்த மூக்குக்காரருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. ஓ, இவர்தான் மாலைக்காரரா என்று கேட்டார்.

அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வாங்க சார். புதுசு ஒண்ணு இருக்கு. பீப்பாயிலேருந்தே குடிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது. மூக்குக்காரர் குவளையோடு எழுந்து பின்னால் போனார். நான் ஓடினேன். முதலாளியம்மா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பீப்பாயின் முகப்பலகையில் ஒரு சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத ஆணி ஒன்றை அடித்து வைத்திருப்போம். ருசி பார்க்க வேண்டுமென்றால் குறட்டால் அந்த ஆணியை இழுக்க வேண்டும். பீர் நூல் மாதிரி பீய்ச்சும். குவளையில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகிவிடலாம். எப்போதும் நான்தான் முன்னால் மண்டியிட்டு இழுப்பேன்.

அன்றைக்கு நான் போய் அந்தப் பீப்பாயின் முகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். இது வேணாம் சார், இறுகிக் கிடக்குது, இன்னொரு நாள் பாக்கலாம் என்றேன். நல்லதை ஒளித்து வைக்கிறீர்களா என்றார் அவர். ஒளிக்கவில்லை சார், ஆபத்து என்றேன். வேலைக்காரன் பீரில் என்ன ஆபத்து கண்டான் என்று அவர் சிரித்தார்.

அண்ணன் வந்து என் தோளில் கை வைத்தார். ரோட்டில் நிற்கிற பிள்ளையை வண்டிக்கு ஒதுக்குவதுபோல, வலிக்காமல் பிடித்து, பக்கத்துத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு கொக்கியிலிருந்து குறட்டை எடுத்து மூக்குக்காரர் கையில் கொடுத்தார்.

"உங்க கையாலேயே இழுங்க சார்."

நான் வேண்டாம் என்று கத்தினேன். மூக்குக்காரர் அதற்குள் மண்டியிட்டுவிட்டார். வாசனையை முதலில் பிடிக்க வேண்டுமென்று மூக்கை ஆணிக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்க் குறட்டால் அதை இழுத்தார்.

முதலில் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம். பீர் ஊசியாக வந்து அவர் கன்னத்தில் அடித்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதன்பின் நடுப்பலகை பெயர்ந்து வந்து அவர் முகத்தில் இறங்கியது. அந்த வெடிச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. மற்றப் பலகைகள் சுவரில் போய் மோதின. ஒரு வளையம் உருண்டு உருண்டு கதவைத் தாண்டிப் போயிற்று. நுரையும் பச்சை ஹாப்ஸும் இடுப்பளவு உயரத்துக்கு அடித்து அறை முழுக்க விழுந்தன. நுரை வெள்ளையாகத்தான் வந்தது, அவர் பக்கத்தில் மட்டும் சிவப்பாக ஓடியது.

அவர் மல்லாந்து கிடந்தார். மூக்கு ஒரு பக்கம் படுத்திருந்தது. மேல் பற்கள் உதட்டைத் துளைத்து வெளியே தெரிந்தன. ஒரு கண் இருந்த இடத்தில் ஹாப்ஸ் அப்பியிருந்தது. அதை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. சட்டையைக் கழற்றி அழுத்தினேன். கையில் இன்னும் குறட்டைப் பிடித்திருந்தார். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பழக்கம்தானோ என்னவோ, நாக்கு மெல்ல வெளியே வந்து உதட்டில் வழிந்ததை நக்கியது.

அண்ணனும் அதைப் பார்த்தார். குனிந்து அவர் காதருகே வாயை வைத்தார்.

"வாசனை வருதா சார்?"

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அவராக வாங்கி அவராக இழுத்தார் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் அவரைத் தொடவேயில்லை என்று, திறந்து கிடந்த கதவு வழியாகப் பார்த்த முதலாளியம்மாவும் சொன்னார். இரண்டும் உண்மைதான். அண்ணனை இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று நிறுத்திக்கொண்டு என்னை அனுப்பினார்கள்.

வீட்டில் அண்ணி அடுப்படியில் நின்றிருந்தார். பிள்ளை தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தது. என் பனியனில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"கை வச்சாரா?"

"இல்ல அண்ணி. சத்தியமா. ஒரு விரல்கூடப் படல. பீப்பாய்தான் வெடிச்சிருச்சு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன், சுத்தியலைக் கீழே வைத்ததை விடாமல் சொன்னேன். அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டார். இன்னும் கொஞ்சம் நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாகிவிட்டது.

"நான்தான் அண்ணி முன்னால நின்னேன். அண்ணன்தான் என்னைப் புடிச்சு ஓரமா நிறுத்துனாரு. இல்லேன்னா எம் மூஞ்சிதான் போயிருக்கும்."

அண்ணி தலையாட்டுவதை நிறுத்தினார்.

"வெடிக்கறப்பவா நிறுத்துனாரு?"

"இல்ல, அதுக்கு முன்னாடி."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தார். மேலே இருந்த பையை இறக்கினார். பிள்ளையிடம், பாடத்தை எடுத்து வை, போகலாம் என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணன் வந்தார். மேலெல்லாம் ஹாப்ஸ் வாசனை. பூக்கடைக்குள் நுழைந்த மாதிரி வீடு மணத்தது. பையைப் பார்த்தார்.

"நான் கை ஓங்கலடி. வேணும்னா தம்பியக் கேளு."

"கேட்டேன்" என்றார் அண்ணி.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். அண்ணன் தடுக்கவில்லை. தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் திரும்பி மறைந்த பிறகு கதவைச் சாத்தினார். என் பக்கம் வந்து, தோளில் கை வைத்து, அதே மாதிரி வலிக்காமல் பிடித்து, என்னைத் தனக்கு நேர் முன்னால் நிறுத்தினார்.