ஒரு ஜோடித் தோடும் மூன்று கதவுகளும்

வைரத்தோட்டைக் காணவில்லை என்று மனைவி சொன்னதும் டிக்கெட்காரர் பதறவில்லை. எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். சட்டை போடாமல் அவருக்கு விசாரணை வராது.

முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் அவருக்கு டிக்கெட்காரர் என்றே பெயர். பெட்டிக்குள் காலை வைத்ததுமே, எண்பது முகங்களில் டிக்கெட் வாங்காத முகம் எது என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

"எங்க வச்ச?"

"பீரோவுலதான். இதோ பெட்டி இருக்கு, உள்ள தோடு இல்ல. வர்ற வாரம் தங்கச்சி பொண்ணு கல்யாணம். நான் எதைப் போட்டுக்கிட்டுப் போவேன்?"

"பீரோவைத் திறக்கிறது யாரு?"

"நான். நீங்க."

"அது சரி. வீட்டுக்குள்ள வந்து போறது யாரு?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புயலக்காவையா சொல்றீங்க? நாக்கு அழுகிப் போயிடும்."

புயலக்கா ஏழு வருடமாக அந்த வீட்டில் கூட்டித் துடைத்துப் பாத்திரம் கழுவிக் கொடுப்பவள். அதே கட்டடத்தில் நாலு வீட்டு வேலை. ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் நுழைந்தால் ஒரு மணிக்கு நாலாம் மாடியிலிருந்து இறங்கிவிடுவாள். நடுவில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பது வாளி போடும் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு அந்தப் பெயரில் பெருமைதான்.

மறுநாள் டிக்கெட்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போனார். அவளோ, "காலைத் தூக்குங்க சார்", "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று அவரையும் நாற்காலிகளோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். பொறி வைத்துப் பார்ப்போம் என்று கைக்கடிகாரத்தைக் கழட்டி வாஷ்பேசின் ஓரத்தில் வைத்தார். இரண்டே நிமிடத்தில் அது அவர் கைக்கே வந்துவிட்டது. "தண்ணில விழுந்தா நின்னுடும் சார்." வெள்ளிப் பேனாவைச் சமையலறை மேடையில் வைத்தார். அதுவும் திரும்பி வந்தது. மனைவியின் மோதிரத்தைச் சோபாவில் போட்டபோது புயலக்கா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"என்ன சார், இன்னைக்குக் கடை பரப்பியிருக்கீங்க?"

டிக்கெட்காரருக்கு அசடு வழிந்தது. ஆனால் மனம் அடங்கவில்லை. சின்னச் சாமானில் கை வைக்காத பெரிய ஆள் என்று தீர்மானித்தார். தீர்மானித்ததை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. கீழ்த்தளத்துத் தையற்காரரிடம் போய், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சொன்னார். தையற்காரரும் அதே நிபந்தனையோடு, மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சருக்கு அளவு எடுக்கும்போது சொன்னார்.

அதற்கு மறுநாள் பத்தரை மணிக்கு வாசல் மணி விடாமல் அடித்தது. புயலக்கா நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இல்லை. அந்த வெறுங்கையைப் பார்த்ததும் டிக்கெட்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"டீச்சரம்மா என் பையை வெளிய வச்சுட்டு உள்ள வரச் சொன்னாங்க. ஏன்னு கேட்டேன். உங்க வீட்டுல கேக்கச் சொன்னாங்க. என்ன சார் காணாமப் போச்சு?"

"அது… பெரிசா ஒண்ணுமில்ல…" என்று இழுத்தார்.

"என் தோடு, புயலக்கா," என்றாள் மனைவி. "அன்னைக்கே உன்கிட்ட கேட்டிருக்கணும். என் தப்பு."

புயலக்காவின் கண் நிறைந்தது. புறங்கையால் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு வருஷத்துல இந்த வீட்டுலேர்ந்து நான் எடுத்துட்டுப் போனது குப்பை மட்டும்தான். அதையும் உங்களைக் கேட்டுட்டுத்தான் கொட்டியிருக்கேன்." பிறகு டிக்கெட்காரரை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்பப் பாத்தீங்கம்மா?"

"பேரன் பிறந்தப்பப் பொண்ணு வீட்டுக்குப் போனோமே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

புயலக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, விரல்விட்டு நாளை எண்ணினாள். அந்த வீட்டில் எந்த மூலையில் என்றைக்கு என்ன தூசி இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"நீங்க கிளம்பின அன்னைக்குக் காலையில வந்து நான்தான் கூட்டினேன். இந்த ஜன்னலுக்குக் கீழ ஸ்டூல் கிடந்துச்சு. அது மேல செருப்புத் தடம். குதிகால் தேஞ்ச செருப்பு, சாரோடது. தரையில பஞ்சு பஞ்சா சிதறியிருந்துச்சு. யாருக்கோ காயம்னு நினைச்சுக் கூட்டி அள்ளிட்டேன். இந்த வீட்டுல பல்பு மாத்துறதுகூட நான்தான். சார் ஸ்டூல் மேல ஏறி என்ன பண்ணீங்க?"

டிக்கெட்காரர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். ஞாபகம் வந்தது. பூட்டிய வீடுகளில் திருடன் முதலில் பீரோவைத்தான் உடைக்கிறான் என்று எங்கோ படித்தது. மனைவி குளிக்கப் போயிருந்தபோது தோட்டை எடுத்துப் பஞ்சில் சுற்றியது. திரைச்சீலைக் கம்பியின் முனையில் இருக்கும் பித்தளைக் குமிழைத் திருகிக் கழற்றி, குழலான கம்பிக்குள் அதைச் செருகியது. ஊரிலிருந்து திரும்பியதும் எடுத்து வைத்துவிட்டு, தன் சாமர்த்தியத்தை மனைவியிடம் சொல்ல நினைத்தது. ஆனால் போன இடத்தில் பேரனைக் கையில் வாங்கிய நிமிடத்தில் எல்லாம் பறந்துபோயிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். குமிழைத் திருகி, கம்பியைச் சாய்த்தார். பஞ்சுப் பொட்டலம் மெத்தென்று மனைவியின் உள்ளங்கையில் விழுந்தது.

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. "இறங்கி வாங்க," என்றாள். இறங்கலாமா, மேலேயே இருந்துவிடலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்தது உண்மை.

"சரி விடு புயலக்கா," என்றார் இறங்கியபடி. "கிடைச்சிருச்சுல்ல."

"உங்களுக்குக் கிடைச்சிருச்சு சார். எனக்கு?"

அவர் ஸ்டூலை ஓரமாக நகர்த்தப் போனார்.

"என் பேரு கீழ ஒரு வீட்டுல கிடக்கு, மேல ஒரு வீட்டுல கிடக்கு. கொண்டுபோய்ப் போட்டது நீங்க. நீங்களே எடுத்துக் குடுங்க. நானும் கூட வர்றேன்."

"போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி. "சட்டைதான் போட்டிருக்கீங்களே."

தையற்காரர் வாயில் இருந்த நூலை எடுத்துவிட்டு, முழுக்கக் கேட்டார். "நான் அப்பவே நம்பல சார்," என்றார்.

"அப்புறம் ஏன் காலையில என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிட்டு உள்ள ஓடினீங்க? அது சூடு ஆறக்கூட இல்ல," என்றாள் புயலக்கா. தையற்காரர் தன் கட்டைவிரலில் இருந்த கொப்புளத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பாட்டு டீச்சர் டிக்கெட்காரரைப் பேசி முடிக்கவே விடவில்லை. முகம் சிவந்து, வெளியே இருந்த பையைத் தானே எடுத்துவந்து நீட்டினாள். "தெரியாமப் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காத."

"கோபமில்ல டீச்சரம்மா. ஆனா நாளைலேர்ந்து நான் வரல. பையை வெளிய வைக்கச் சொன்ன வீட்டுல எனக்குக் கை ஓடாது."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். டிக்கெட்காரருக்கோ செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

நாலாம் மாடிப் பல் டாக்டர் கதவைத் திறந்தார். மூன்றாவது தடவை என்பதால் டிக்கெட்காரருக்கு வசனம் சரளமாக வந்தது. "தோடு விஷயத்துல புயலக்கா மேல ஒரு தப்பும் இல்ல, டாக்டர்."

"தோடா? எந்தத் தோடு? திருட்டா? நம்ம கட்டடத்துலயா?"

செய்தி அதுவரை ஏறியிருக்கவில்லை. டாக்டர் பதறிப்போய்த் தன் மனைவியைக் கூப்பிட்டார், பூட்டுகளைச் சரிபார்க்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் டிக்கெட்காரர் பீரோ, பஞ்சு, ஸ்டூல், குமிழ் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. குமிழுக்கு வந்தபோது டாக்டர் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அன்று முதல் தடவையாகப் புயலக்காவும் சிரித்தாள்.

"இவருக்குத்தான் தெரியாதே, ஏன் கூட்டிட்டு வந்த?" என்று படியில் இறங்கும்போது டிக்கெட்காரர் முனகினார்.

"நாளைக்குத் தெரிஞ்சிருக்கும்ல சார்?"

ஒரு படியில் நின்றார். "தப்புப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சுடு."

"சரி சார்," என்றாள். இரண்டு படி இறங்கியபின், "ஒரு வாரம் லீவு. சம்பளத்தோட."

"சம்பளத்தோடதான்," என்றார் அவசரமாக.

அந்த ஒரு வாரம் டிக்கெட்காரர் கூட்டினார், துடைத்தார், பாத்திரம் கழுவினார். மனைவி தோடு போட்டுக்கொண்டு நாற்காலியில் காலைத் தூக்கி உட்கார்ந்து, "அந்த ஓரம் விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்குப் போனபோது அவருக்கு இடுப்பு நிமிரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் புயலக்கா வந்தாள். அறை அறையாகப் பார்த்துவிட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். அவர் வாளியோடு நின்றிருந்தார்.

"பரவாயில்லையே சார். சோபாவை நகர்த்திக் கூட்டினீங்களா?"

"அது நகருமா?"

புயலக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் கையிலிருந்த வாளியை வாங்கினாள். "காலைத் தூக்குங்க சார்," என்றாள்.