பொருந்தாது என்று போட்ட கையெழுத்து

விமான மெக்கானிக் உல்ஜான் பண்டகசாலைக்குப் போனது ஒரு ரப்பர் வளையம் வாங்கத்தான். எல்லாரும் ‘எஜே’, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மைராம் தேநீர் குடிக்கப் போயிருந்தாள். கணினி திறந்தபடியே கிடந்தது. வளையம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளலாம் என்று உல்ஜான் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு வந்தாள். விமானத்தில் மாட்டியிருக்கும் பாகங்களின் வரிசையில் அவள் விரல் நின்றது.

பிரேக் தட்டு, இடது சக்கரம், சி.பி. 4431. பிரேக் தட்டு, வலது சக்கரம், சி.பி. 4432.

முந்தின நாள் மாலை இதே கணினியில் இதே எண்களைத்தான் அவள் தேடியிருந்தாள். விமானத்தைச் செய்த நாட்டின் வான்துறை ஓர் உத்தரவு போட்டிருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் துறை அதை ஏற்று எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பியிருந்தது. சி.பி. 4401 முதல் 4460 வரை எண் பொறித்த பிரேக் தட்டுகளின் வார்ப்பில் குறை. அழுத்திப் பிடித்தால் பிளந்துகொள்ளலாம். அடுத்த முறை பறப்பதற்கு முன் மாற்றியாக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி எண்ணைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகும். கணினியில் தேடினால் அரை நிமிடம். அவள் தேடினாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. உத்தரவின் அடியில் ‘பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலை ஒன்பது மணிக்கு விமானம் ஜலால்-அபாத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் கசார்மானுக்குப் பறந்துபோயிருந்தது.

இப்போது மறுபடி தேடினாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. ஒன்றும் இல்லை என்றது கணினி. பட்டியலோ கண்ணெதிரே இருந்தது.

“என்ன பொண்ணே, கம்ப்யூட்டர் ஒன்னப் பாத்து மொறைக்குதா?” கையில் தேநீர்க் கிண்ணத்தோடு மைராம் எஜே வந்து நின்றாள். முப்பது வருடமாக அந்தப் பண்டகசாலையின் சாவி அவளிடம்தான்.

“எஜே, இந்த பிரேக் தட்ட நீங்கதான ஏத்துனீங்க?”

“நான்தான். பெட்டியப் பாத்துப் பாத்து, ஒத்த வெரலால அடிச்சேன். அப்பவே கண்ணு வலிச்சுது.”

“எந்த எழுத்துல அடிச்சீங்க?”

“எந்த எழுத்துலயா? பெட்டில இருந்த எழுத்துலதான். நல்லாக் கேக்கற கேள்வி.”

எஜே எப்போதும் ரஷ்ய எழுத்தில் அடிப்பவள் என்பது உல்ஜானுக்கு அப்போதுதான் உறைத்தது. விசைப்பலகையை ரஷ்ய எழுத்துக்கு மாற்றி அதே இரண்டு எழுத்துகளை அடித்தாள். ஆங்கிலத்தில் சி என்னும் அதே C வடிவம் ரஷ்யத்தில் எஸ். பி என்னும் அதே B வடிவம் ரஷ்யத்தில் வே. பார்வைக்குத் துணைக்காலும் ரகரமும் போலத்தான், எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு. தட்டிய மறு நொடியில் இரண்டு தட்டுகளும் திரையில் வந்து உட்கார்ந்தன.

“அட! வந்துடுச்சே” என்றாள் மைராம் எஜே சந்தோஷமாக.

உல்ஜான் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. பதினொன்று நாற்பதுக்கு விமானம் அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தில் அவள் எதையெல்லாம் நினைத்தாள் என்று கேட்டால், முதலில் நினைத்தது வெள்ளிக்கிழமையைத்தான். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேர்வு வைக்கப் பிஷ்கெக்கிலிருந்து துறையின் குழு வருகிறது. விமானத்தை ‘பறக்கலாம்’ என்று விடுவிக்கும் முத்திரை, அவள் எண் பொறித்த முத்திரை, அன்றைக்கு அவள் கைக்கு வர வேண்டும். மூன்று வருடம் மற்றவர்களின் முத்திரைக்குக் கீழே கிரீஸ் துடைத்தவள் அவள். தவறான கையெழுத்து ஒன்று பதிவேட்டில் ஏறினால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அப்புறம் அவள் பெயரை மறுபடி யார் அனுப்பப்போகிறார்கள்?

இதை நினைத்துக்கொண்டேதான் தொலைபேசியை எடுத்தாள்.

அவள் ‘பைகே’, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் விமானி தொக்தோசுன் மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் ஆடு கத்தியது.

“சொல்லு மகளே. ஆள் ஏறிட்டு இருக்காங்க.”

“பைகே, கெளம்பாதீங்க. பிரேக் தட்டு அந்த உத்தரவுல இருக்கற தட்டுதான். ரெண்டுமே.”

“நேத்து பொருந்தாதுன்னு நீதான கையெழுத்துப் போட்ட?”

“போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்.”

ஆட்டுச் சத்தம் தள்ளிப்போனது; அவர் ஒதுங்கி வந்திருந்தார்.

“இங்க பாரு. எனக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கல. அதனாலதான் எங்கம்மா எனக்குத் தொக்தோசுன்னு பேரு வெச்சா. ‘நிக்கட்டும்’னு. பேர்லயே பிரேக் வெச்சிருக்கறவன் நான். ஜலால்-அபாத்துல ஓடுதளம் ரெண்டு கிலோமீட்டர். பிரேக்கத் தொடாமலே உருண்டு வந்து நிப்பேன். வந்தப்பறம் மாத்திக்க.”

“நடுவுல எங்கயாவது எறங்க வேண்டி வந்தா, பைகே?”

“வராது.”

“அடுத்த முறை பறக்கறதுக்கு முன்னாடின்னு எழுதியிருக்கு. நான் கையெழுத்த வாபஸ் வாங்கறேன். இப்பவே வாங்கறேன். காகிதம் இல்லாத விமானத்த ஓட்டுவீங்களா?”

அவர் நீளமாக மூச்சு விட்டார். “ஒம்போது பேரு உக்காந்திருக்காங்க. ஒரு அம்மா சம்பந்தி வீட்டு விருந்துக்குக் குடல்ல அடச்ச குதிரைக்கறி கொண்டுவந்திருக்கா. என்னால சொல்ல முடியாது. நீயே வந்து சொல்லு” என்று வைத்துவிட்டார். ஆனால் இயந்திரத்தைக் கிளப்பவில்லை என்று ஐந்து நிமிடத்தில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து செய்தி வந்தது.

வசந்த காலத்தில் வாங்கிய புதிய தட்டுகள் ஒரு ஜோடி பண்டகசாலையில் இருந்தன. உல்ஜான் பட்டியலைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்து, எண்ணெய்க் காகிதத்தை விலக்கி, உலோகத்தில் பொறித்திருந்த எண்ணை விளக்கடியில் பிடித்துப் படித்தாள். மைராம் எஜேயையும் படிக்கச் சொன்னாள். 5208. 5209. உத்தரவில் இல்லாதவை.

தலைமைப் பொறியாளர் போலோத்பெக் தன் ஜீப்பிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கணவாயில் அந்த வருடத்து முதல் பனி விழுந்திருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் பாதையை மூடிவிடுவார்கள். அவர் திட்டவில்லை. ஏறும்போது கியரை மாற்றிக்கொண்டு, உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வந்தார். உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

“கேளு. நீ நிறுத்துனது சரி. அதுல பேச்சில்ல. காலைல பறந்ததுலயும் ஒண்ணும் ஆகல. தட்ட மாத்து. பதிவேட்டுல ‘தேய்மானத்தால் மாற்றப்பட்டது’ன்னு எழுது. நான் முத்திரை போடறேன்.”

“நேத்தைய கையெழுத்து?”

“அது அப்பிடியே இருக்கட்டும். இன்னிக்கு மாத்திட்டப்பறம் விமானத்துல அந்தத் தட்டு இல்ல. அப்போ பொருந்தாதுங்கறது உண்மையாயிடுது இல்லயா?” அவரே சிரித்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமைய நெனச்சுப் பாரு. ஒனக்காக நான் எத்தன கடிதம் எழுதியிருக்கேன்.”

“தெரியும் பைகே.”

“பின்ன என்ன? யாருக்குமே இது ஒரு விஷயமில்ல. ஓஷ்ல இருக்கற கம்பெனி பொருந்தாதுன்னு அனுப்பியிருக்கு. ஏரிப் பக்கம் இருக்கறவங்களும் அப்பிடித்தான். எல்லாருமே ஒரே பதில்தான். மனச ஒளப்பிக்காத.”

உல்ஜான் தலையாட்டினாள். அவர் சொன்னது முழுக்க நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இறக்கத்தில் ஒரு ஆட்டு மந்தை பாதையை மறித்தபோது கண்ணாடியை இறக்கி, காற்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

கசார்மானில் விமானம் சரளை ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றது. பயணிகளில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் நிலையத்தின் இரும்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊர்த் தேநீரையெல்லாம் வாங்கிக் குடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டிய அம்மாள் உல்ஜானை மேலும் கீழும் பார்த்தாள்.

“பிரேக்கு நல்லாயில்லன்னு மலைக்கு அந்தப் பக்கத்துலருந்தே கண்டுபிடிச்ச பொண்ணு இதுதானா? கண்ணு அவ்வளவு தூரம் தெரியுதா ஒனக்கு?”

“மன்னிச்சுக்கங்க எஜே. காலைல போயிடலாம்.”

“என் சம்பந்தி நான் வேணும்னே வரலன்னுல்ல சொல்லுவா. பத்து வருஷத்துக்குப் பேசுவா.” பிறகு அவளே ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி நீட்டினாள். “குடி. ஒதடெல்லாம் நீலமாயிருக்கு. மாட்டும்போது கை நடுங்கக் கூடாதில்ல?”

வெளிச்சம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினார்கள். விமானத்தைத் தூக்கி நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றினாள். தட்டை எடுத்துத் துடைத்தாள். சி.பி. 4431. தொக்தோசுன் குனிந்து பார்த்தார்.

“இதுவா கெட்டுப்போன தட்டு? தாடி செரைக்கலாம் போலிருக்கே இதப் பாத்து.”

உண்மையில் அது பளபளவென்றுதான் இருந்தது. விரலால் விளிம்பைச் சுற்றி வருடினாள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. வலது தட்டும் அப்படியே. குறை உள்ளே வார்ப்பில் இருந்தால் வெளியே தெரியாது, இல்லாமலும் இருக்கலாம். அறுபது தட்டில் எது என்று யாருக்கும் தெரியாததால்தான் அறுபதையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

“அப்போ ஒண்ணுமில்லாததுக்கு என்னப் பகல் பூரா அடுப்புகிட்ட உக்கார வெச்சுட்ட” என்றார் தொக்தோசுன். கோபமாகச் சொல்லவில்லை.

புதிய தட்டுகளை மாட்டி, ஒவ்வொரு திருகையும் அளவுக்கு முறுக்கி, கம்பியால் பூட்டினாள். போலோத்பெக் ஒவ்வொன்றையும் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு பதிவேட்டை விமானத்தின் வாலருகே இருந்த பெட்டிமேல் விரித்து, பேனாவை அவளிடம் கொடுத்தார்.

அவள் தேதி எழுதினாள். விமானத்தின் எண் எழுதினாள். ‘தேய்மானத்தால்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா வந்து நின்றது.

ஓஷ்காரர்களும் பொருந்தாது. ஏரிப் பக்கத்துக்காரர்களும் பொருந்தாது. எல்லாருமே ஒரே பதில்.

ஜீப்பில் ஆறுதலாகக் கேட்ட பேச்சு இப்போது வேறு மாதிரி கேட்டது. அங்கேயும் ஒரு பண்டகசாலை இருக்கும். அங்கேயும் மைராம் எஜேயைப் போல ஒருத்தி, ரஷ்ய எழுத்திலேயே வளர்ந்தவள், பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்திருப்பாள். அங்கேயும் யாரோ ஒருத்தர் அரை நிமிடம் தேடிவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

“பைகே, ஓஷ்ல அவங்க சக்கரத்தக் கழட்டிப் பாத்தாங்களா, இல்ல கம்ப்யூட்டர்ல தேடுனாங்களா?”

போலோத்பெக்கின் முகம் மெல்ல மாறியது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“நான் ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேன் அவங்ககிட்ட” என்றார் கடைசியில். “பேரச் சொல்லாம. சும்மா ஒரு வார்த்த.”

“எத்தன பேருக்குப் பண்ணுவீங்க? நமக்குத் தெரிஞ்சவங்களுக்குப் பண்ணலாம். கஜாக் பக்கம்? தாஜிக் பக்கம்? துறைதான் எல்லாருக்கும் சொல்ல முடியும். துறைக்குச் சொல்லணும்னா எப்பிடித் தப்பு நடந்துச்சுன்னு எழுதணும்.”

“எழுதுனா ஒரு வருஷம் போயிடும்.”

“ஆமா.”

“ஒரு வருஷத்துக்கு அப்பறம் நான் இங்க இருப்பனான்னே தெரியாது. வேற எவன் ஒனக்குக் கடிதம் எழுதுவான்?”

உல்ஜான் பதிவேட்டின் பக்கம் திரும்பினாள். பேனா உறைந்துபோய் எழுத மறுத்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். பிறகு குனிந்து, முந்தின நாள் மாலை தான் எப்படித் தேடினாள், ஏன் கிடைக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றாமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று ஏழு வரி எழுதினாள். அடியில் பெயரை முழுதாக எழுதினாள். போலோத்பெக் அதை இரண்டு முறை படித்தார். தன் முத்திரையைப் போட்டார்.

காலையில் விமானம் போய்ச் சேர்ந்தது. தொக்தோசுன் இறங்கும்போது பிரேக்கை ஒரே ஒரு தடவை தொட்டேன் என்று பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். நடுவில் இருந்தவர் அவளுடைய ஏழு வரியையும் கையில் வைத்திருந்தார்.

“இதக் காட்டும்மா” என்றார்.

பண்டகசாலைக்குக் கூட்டிப்போனாள். ஆங்கில எழுத்தில் அடித்தாள், ஒன்றும் இல்லை. ரஷ்ய எழுத்தில் அடித்தாள், இரண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் ரொம்ப நேரம் பேசினார். உள்ளே வந்தபோது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

“தேர்வு இன்னிக்கு நடத்த முடியாது. விதி அப்பிடி. அடுத்த வருஷம் எழுதிப் போடுங்க.”

“சரிங்க” என்றாள் உல்ஜான்.

அவர்களின் கார் வாசலைத் தாண்டும்வரை மைராம் எஜே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாண்டியதும் ஆரம்பித்தாள். குழுவை ஒரு பாட்டம், கணினியை ஒரு பாட்டம், எழுத்தைக் கண்டுபிடித்தவர்களை ஒரு பாட்டம். “அடிச்சவ நான். தண்டன ஒனக்கு. இது என்ன நியாயம்?”

“தேடுனது நான்தான எஜே.”

திங்கட்கிழமை துறையிலிருந்து இரண்டு வரி சுற்றறிக்கை எல்லா நிறுவனங்களுக்கும் போனது. யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு எழுத்திலும் தேடுக. சந்தேகமிருந்தால் பாகத்தையே பார்த்து எண்ணைப் படிக்கவும்.

அன்று மதியம் பண்டகசாலைத் தொலைபேசி அடித்தது. மைராம் எஜே எடுத்தாள். மறுமுனையில் ஒரு வயதான குரல், எங்கிருந்து என்று உல்ஜானுக்குக் கேட்கவில்லை.

“ஆமா, ரெண்டு தடவ அடிக்கணும்” என்றாள் மைராம் எஜே, ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் போல. “எழுத்த மாத்த எந்தப் பொத்தானா? இடது பக்கம், கீழ ரெண்டு இருக்கும். ரெண்டையும் சேத்து அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? இப்ப அடிங்க. நான் இருக்கேன், நிதானமா அடிங்க.”

தொலைபேசியின் பேசும் முனையைப் பொத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள். உல்ஜான் கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கீழே வைத்தாள்.

“எத்தன வந்துச்சு?” என்று கேட்டாள் மைராம் எஜே. பிறகு உல்ஜான் பக்கம் திரும்பி, நான்கு விரலைத் தூக்கிக் காட்டினாள்.